பதினோராம் மாடிக்கு ஒரு மான்

அண்ணை,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பாரிசின் லாச்சப்பலில் எங்கள் காய்கறிக் கடையின் பின்தெருவில், நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை எறிவதில்லை என்று தீர்மானிக்கப்பட்டது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்த்துப் பேசியவர் முதலாளி. அவர் பேசி முடிப்பதற்குள் தொட்டியை நடைபாதையில் கவிழ்த்து அதன்மேல் நான் உட்கார்ந்துவிட்டதால் எதிர்ப்பு பதிவாகவில்லை. பிறகு வீட்டுக்குத் தொலைபேசியில் அறிவித்தேன். மனைவி, வரும்போது வெங்காயம் கொண்டுவரச் சொன்னாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இதற்கெல்லாம் காரணம் வான். எங்கள் வெள்ளை டீசல் வானின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் புகை அளவு வில்லை இனிப் பாரிசுக்குள் செல்லாதாம். மின்சார வான் வருகிறது. பழையதைத் துப்புரவாக்கிக் கொடுக்கச் சொன்னார் முதலாளி. கறிவேப்பிலைச் சருகு, தீப்பெட்டி, முருகன் கலண்டரில் ஐப்பசி மாதம் மட்டும், ஒற்றைக் கையுறை என்று ஒவ்வொன்றாக வந்தன. கையுறை உங்களுடையது. கடைசியில், அரிசி மூட்டைகளுக்கு அடியிலிருந்து தொட்டி வந்தது. மூக்கை வைத்துப் பார்த்தேன். முதலில் வினாகிரியின் புளிப்பு. பிறகு மஞ்சள். அதற்கடியில் ஈரமான மயிரின் மணம். எல்லாவற்றுக்கும் அடியில், உங்கள் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் அந்தப் பெப்பர்மின்ட் வில்லையின் மணம். பிளாஸ்டிக்கில் பெப்பர்மின்ட் இரண்டு வருடம் நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நின்றது.

உங்களுக்கே உங்களை அறிமுகம் செய்வது சரியில்லைத்தான். ஆனால் இந்தக் கடிதத்தை உங்களைத் தவிர மற்ற எல்லாரும் வாசிக்கக்கூடும். ஆகவே சொல்கிறேன். நீங்கள் பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிறந்தவர். நான் அதே காகிதத்துக்காகப் பல வருடம் வரிசையில் நின்ற யாழ்ப்பாணத்தவன். நீங்கள் தபால் திணைக்களத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து ஓய்வு பெற்று, பாரிசின் புறநகரான சார்செலில் ஓர் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் மனைவியோடு இருந்தீர்கள். எனக்கு அவர் அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா பூசைக்குப் போவார். நீங்கள் வேட்டைக்குப் போவீர்கள். கத்தோலிக்கரில் அப்படி ஒரு பிரிவும் இருக்கிறது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

வேட்டை என்றால் பாரிசுக்கு வடக்கே ஒரு மணி நேரத்தில் உள்ள ஒரு கிராமம். அங்கே பன்னிரண்டு பேர் கொண்ட சங்கம். ரொட்டி சுடும் வெதுப்பகக்காரர் தலைவர், மற்றவர்கள் விவசாயிகள். கூட வேலை செய்த ஒருவர் உங்களைச் சேர்த்துவிட்டிருந்தார். துப்பாக்கி, அனுமதிப் பத்திரம், தொப்பி, செம்மஞ்சள் மேலங்கி எல்லாம் வைத்திருந்தீர்கள். இருபது குளிர்காலத்தில் எத்தனை மான் சுட்டீர்கள் என்று கேட்டேன். "மூணு" என்றீர்கள். கொஞ்சம் யோசித்து, "ரெண்டு. மூணாவது தானா விழுந்துச்சு" என்றீர்கள்.

சுடுவது உங்கள் துறை அல்ல. கொண்டுவருவதுதான் உங்கள் துறை. மாலையில் அவர்கள் சீட்டுப் போட்டு மானை ஒருவருக்குக் கொடுப்பார்கள். மற்றவர்கள் தங்கள் பெயர் வந்தால் அங்கேயே தொங்கவிட்டு உரித்து, எலும்பில்லாத துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, விலாவையும் கழுத்தையும் நாய்களுக்குப் போட்டுவிடுவார்கள். உங்களுக்கு அது பொறுக்கவில்லை. எலும்பில்லாத கறியில் குழம்பு வைப்பது கடித உறையை மட்டும் அனுப்புவது மாதிரி என்பீர்கள். அதனால் உங்கள் பெயர் வரும் நாளில், குடல் எடுத்த மானைத் தோலோடு, தலையோடு, முழுதாகச் சார்செலுக்குக் கொண்டுவருவீர்கள். ஆட்டுக்குட்டியை விடச் சற்றுப் பெரிய உருப்படி. அது பதினோரு மாடி ஏற வேண்டும்.

நாம் சந்திப்பதற்கு முந்திய மார்கழியில்தான் அந்த லிப்ட் விவகாரம் நடந்தது. நீங்கள் மானைச் சூட்டோடு சூடாகக் குப்பைப் பைகளில் சுற்றி, காரின் பின்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தீர்கள். பைக்குள் அது வேர்த்தது, வேர்த்தது ஒழுகியது. கார் நிறுத்துமிடத்திலிருந்து லிப்ட் வரை, லிப்டிலிருந்து உங்கள் வாசல் வரை ஒரு சிவப்புக் கோடு. நான்காம் மாடிப் பெண் பொலிசைக் கூப்பிட்டாள். இரண்டு பொலிஸ்காரர்கள் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்து மணியை அடித்து, அந்த ஆள் எங்கே என்று கேட்டார்கள். நீங்கள் மரியாதையாகக் குளியலறைக்கு அழைத்துப்போய்க் காட்டினீர்கள். அந்த நேரம் பார்த்து, பூசை முடிந்து செபக்கூட்டத்துப் பெண்கள் இருவரோடு அக்கா வீட்டுக்குள் வந்தார். குளியல் தொட்டியில் மான். அதைச் சுற்றி அரசாங்கம்.

அன்று அக்கா சொன்னதை, லிப்டுக்கு அவர் சொல்லும் பிரெஞ்சுச் சொல் உட்பட, நீங்கள் எனக்கு எழுத்துப் பிசகாமல் பலமுறை ஒப்பித்திருக்கிறீர்கள். "இனிமே ஒரு சொட்டு. வீட்டுலயோ, வாசல்லயோ, அசான்சேர்லயோ, ஒரே ஒரு சொட்டு பாத்தேன்னா, துப்பாக்கிய நானே தூக்கிட்டுப் போய் பொலிசுல குடுத்துடுவேன்." அக்கா சொன்னால் செய்வார் என்பதற்கு உங்களிடம் சாட்சி இருந்தது. வீட்டுக்குள் சிகரெட் பிடித்தால் உங்கள் சாய்வு நாற்காலியைக் கொடுத்துவிடுவேன் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். அந்த நாற்காலி இப்போதும் ஒன்பதாம் மாடியில் ஒரு மொரோக்கோக்காரர் வீட்டில் இருக்கிறது. நீங்கள் சில மாலைகளில் அங்கே போய் அதில் உட்கார்ந்துவிட்டு வருவதுண்டு.

துப்பாக்கி போனால் நாற்காலி போனது மாதிரி இல்லை. கீழ்மாடிக்குப் போய்ச் சுட்டுவிட்டு வர முடியாது. ஓய்வு பெற்ற பிறகு உங்களுக்காக யாராவது காத்திருந்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, வெதுப்பகக்காரர் வீட்டுக் கொட்டகையில், உங்கள் பெயர் எழுதிய ஒரு கோப்பை ஆணியில் தொங்கியது. அதை நீங்கள் என்னிடம் சொன்னது ஒரே ஒருமுறை. காய்கறி நிறுக்கும்போது, தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

அதற்காகத்தான், காரின் பின்பெட்டியை விட்டு ஒரு வான் தேடி, என்னிடம் வந்தீர்கள். ஒருநாள் கடைக்கு முன்னால் வானில் நான் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது, முருங்கைக்காய்க் கட்டோடு நின்று, தலையை உள்ளே நீட்டி மூச்சை இழுத்தீர்கள். "தம்பி, உங்க காமியோனெத்துல வாசனையே இல்லியே" என்றீர்கள். ஐம்பது வயதில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் பூமாலை போகும் வான் அது என்று சொன்னேன். முதலாளி சைவம், வானில் ஒரு முட்டைகூட ஏறக்கூடாது என்றும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வான் என்ன செய்கிறது என்று கேட்டீர்கள். சும்மா நிற்கிறது என்றேன். அதன்பின் நான் முதலாளியிடம் சொன்னது, சுகமில்லாத ஒருவரை நல்ல காற்றுக்குக் கூட்டிப்போகிறேன் என்பது. அது அன்றைக்குப் பொய். பிறகு உண்மையாகிவிட்டது.

நம் முதல் பயணத்தை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிப்பு வருகிறது. மாநகர ரயிலில் அந்தச் சிரிப்பு வந்தால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்துபோகிறார். வானின் தரையில் எதை விரிப்பது என்பதில் நமக்கு ஒருமித்த கருத்து இருந்தது. கடையில் மிஞ்சிய வாழையிலை. காயத்தில் மஞ்சள்தூளை அப்பியது என் யோசனை. எங்கள் வீட்டில் எந்த இறைச்சியையும் மஞ்சள் போடாமல் யாரும் தொடுவதில்லை. வாசம் வராதிருக்க நான்கு மூலையிலும் கற்பூரம் வைத்தது உங்கள் யோசனை. நீங்கள் கத்தோலிக்கர், உங்களுக்குக் கற்பூரம் என்பது அலுமாரியில் பூச்சி வராமல் வைக்கும் பொருள். முதல் வட்டச் சந்தியிலேயே மான் வாழையிலையில் வழுக்கி, முன்னால் வந்து என் இருக்கையின் முதுகில் மோதியது. வாழையிலை வழுக்கும் என்பதை வாழையிலையில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பேரும் யோசித்திருக்கவில்லை.

அடுத்த சந்தியில் பொலிஸ் மறித்தது. கதவைத் திறந்த இளம் பொலிஸ்காரன் குனிந்து உள்ளே பார்த்தான். வாழையிலைமேல் மஞ்சள் பூசிய மான். நான்கு மூலையில் வெள்ளை வில்லைகள். மூலையொன்றில் வெள்ளிக்கிழமை உதிர்ந்த செவ்வந்தி இதழ்கள். மிருகம் சடங்குக்கு முன் இறந்ததா, பின் இறந்ததா என்று அவன் கேட்டான். நீங்கள் இறங்கி, தொப்பியைச் சரிசெய்து, மானின் பின்னங்காலில் பூட்டியிருந்த இலக்க வளையத்தைக் காட்டினீர்கள். சுட்ட இடத்தை விட்டு அசைக்கும் முன்னரே பூட்ட வேண்டிய வளையம். ஒழுங்காகப் பூட்டியிருந்தது. பத்திரங்களும் ஒழுங்கு. அப்படியானால் இந்த இலைகள் என்றான் அவன். முப்பது வருட அரச உத்தியோகத்தின் குரலில், "சுகாதாரம்" என்று பிரெஞ்சில் சொன்னீர்கள். அவன் கதவை மெதுவாகச் சாத்தினான். தூங்குகிற ஒருவரை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல.

லிப்டை நம்பாமல் அன்று படியால் ஏற்றினோம். நான்காம் மாடியில் மானை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தோம். உங்களுக்கு மூச்சு வாங்கியது. மூச்சுப் பிரச்சினை என்று எனக்கு அப்போது தெரியாது. வயது என்று நினைத்தேன். பதினோராம் மாடியில் அக்கா கண்ணாடி போட்டு, டோர்ச் அடித்து, வாசல், நிலம், சுவர், எங்கள் கைகள் எல்லாம் பார்த்தார். சொட்டு இல்லை. நாம் வென்றோம். அடுத்த ஞாயிறு கறி வைத்தீர்கள். அக்கா முதல் வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். கற்பூரம் கறிக்குள் இறங்கியிருந்தது. மானைத் தின்றால் முருகன் கோயில் வாசலில் நிற்பது மாதிரி இருந்தது.

"இது பூசை பண்ண கறி" என்றார் அக்கா. "இதத் தின்னா நான் பாதர்கிட்ட சொல்லணுமா?"

"நான் தின்னலாம் அக்கா" என்றேன். "எனக்கு இது பிரசாதம்."

நீங்கள் மட்டும் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டீர்கள். பிடிவாதத்துக்குச் சாப்பிட்டீர்கள் என்று அக்கா பிறகு சொன்னார்.

மூன்று குளிர்காலம், அண்ணை. மரத்தூள் போட்டோம், அது மயிரில் ஒட்டிக்கொண்டு மானை உழுந்து வடைபோல் ஆக்கியது. பழைய பத்திரிகை போட்டோம், தேர்தல் செய்தி மானின் விலாவில் தலைகீழாகப் பதிந்தது. கடைசியில் ஒருநாள், அக்கா துணி ஊறப்போடும் நீலத் தொட்டியை பால்கனியிலிருந்து கேட்காமல் எடுத்து வந்தீர்கள். பிரச்சினை தீர்ந்தது. தொட்டியின் அடியில் பழைய பருத்திப் படுக்கை விரிப்பு, இரண்டாக மடித்தது. மானை அதன்மேல் பக்கவாட்டில், கால்களை மடக்கி, தலைப்பக்கம் உயரும்படி ஒரு சிறிய அரிசிப் பை வைத்து. வயிற்றுக்குள் சுத்தமான துணி. மூக்கைச் சுற்றி ஒரு துணிப்பை, ஏனென்றால் இறந்த பிறகும் மூக்கு ஒழுகும். மூடக்கூடாது. சூடு ஆறும் வரை காற்றுப் பட வேண்டும். கழுவுவது கொஞ்சம் வினாகிரி விட்ட குளிர்ந்த தண்ணீரில் மட்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும்.

"ஒழுகுறது மான் இல்ல தம்பி, நம்ம அவசரம்" என்பீர்கள். பைபிளில் இருப்பதுபோல் சொல்வீர்கள். அக்காவிடம் கேட்டேன். இல்லையாம்.

காற்றுப் பட வேண்டும் என்றால் ஹீட்டர் போட முடியாது. தை மாதத்தில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, கம்பளித் தொப்பியும் கையுறையுமாக, நெடுஞ்சாலையில் அறுபதில் போவோம். எல்லாரும் நம்மை முந்திப் போவார்கள். முந்தும்போது திரும்பிப் பார்ப்பார்கள். நீங்கள் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடியே வருவீர்கள். பேச்சு எல்லாம் அப்போதுதான். உங்கள் மகன் லியோனில் இருப்பதும், பேரப்பிள்ளைகள் உங்களை அந்நியரை விளிப்பதுபோல் முசியே என்று கூப்பிடாத குறையாகப் பிரெஞ்சில் நலம் விசாரிப்பதும், நான் இத்தனை வருடத்தில் யாருக்கும் சொல்லாத ஊர்க் கதைகளும். வாயிலிருந்து புகை வரும். பின்னால் மான் ஆறிக்கொண்டிருக்கும். இரண்டு வளர்ந்த மனிதர்கள் செத்த மிருகம் ஒன்றுக்குக் குளிர்காற்று வேண்டும் என்பதற்காக நடுங்கிக்கொண்டு போவதில் எந்தக் குறையும் இருப்பதாக அன்று நமக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை. அந்தக் குளிர்தான் இப்போது கிடைக்கவில்லை.

கடைசிப் பயணத்தைப் பற்றி உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அந்த மாசியில் உங்களுக்குக் காட்டுக்குள் நடக்க முடியவில்லை. பாதையோரமாக ஒரு முக்காலியில் உங்களை உட்காரவைத்தார்கள். நான் கொட்டகையில் காத்திருந்தேன். பெயர் எழுதிய கோப்பையை அன்றுதான் பார்த்தேன். விளிம்பு உடைந்திருந்தது. வெதுப்பகக்காரர் ஒரு மானைச் சுட்டார். மாலையில் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். சீட்டுத் தொப்பி வரவில்லை. இலக்க வளையத்தை அவரே பூட்டியிருந்தார். இது உங்களுடையது என்று சொல்லி, உங்கள் தோளில் கை வைத்துவிட்டு, அவர் நாய்களைப் பார்க்கப் போய்விட்டார். மற்றவர்களும் எதையெதையோ பார்க்கப் போனார்கள். எப்போதும் நாம் இருவரும்தான் தூக்குவோம். அன்று நான்கு பேர் தொட்டியைத் தூக்கி வானில் வைத்தார்கள்.

பாதி வழி வரை நீங்கள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு சொன்னீர்கள்:

"சீட்டுப் போடாம குடுத்துட்டாங்க, தம்பி."

"நல்ல ஆக்கள் அண்ணை" என்றேன்.

"நல்லவங்கதான்" என்றீர்கள். "அதான்."

அப்போதுதான் கவனித்தேன், நீங்கள் நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். வழக்கமான நடுக்கம் இல்லை. பல் தட்டும் சத்தம் கேட்டது. உதடு வேறு நிறமாக இருந்தது. நான் கண்ணாடிகளை ஏற்றி ஹீட்டரைப் போட்டேன்.

"ஹீட்டர நிறுத்துங்க, மான் வேர்க்கும்" என்றீர்கள்.

"நிப்பாட்ட ஏலாது அண்ணை, பழுதாப் போச்சு. தானா வேலை செய்யுது."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள். சார்செல் வரை தூங்கினீர்கள், அல்லது தூங்குகிறவர்போல் இருந்தீர்கள். வானுக்குள் முதல் தடவையாகச் சூடு. மான் வேர்த்தது. விரிப்பு குடித்த மட்டும் குடித்தது, மிச்சம் தொட்டியின் மூலைக்கு வந்து தேங்கியது. எனக்கு மணத்திலேயே தெரிந்தது. ஒரு சொட்டு விழுந்தால் துப்பாக்கி போகும், கோப்பை போகும், ஞாயிறு போகும். ஆனாலும் நான் ஹீட்டரை நிறுத்தவில்லை.

லிப்டில் தொட்டியை நிலத்தில் வைத்தோம். பதினோராம் மாடியில் தூக்கும்போது உங்கள் கை தளர்ந்து உங்கள் பக்கம் தாழ்ந்தது. தொட்டி அசைந்தது. வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தேன். லிப்டின் சாம்பல் தரையில் ஒரு சொட்டு. ஒரு யூரோ காசளவு, நல்ல வட்டம். நாம் தொட்டியைக் குளியலறையில் வைத்தோம். அக்கா கண்ணாடியைத் தேடும் நேரத்தில், நான் போய்ட்டு வாறன் என்று சொல்லி, திரும்ப லிப்டுக்குள் போய், அந்தச் சொட்டின்மேல் வலது சப்பாத்தை வைத்து நின்றேன்.

அக்கா டோர்ச்சோடு வந்தார். வாசலைப் பார்த்தார். நடைகூடத்தைப் பார்த்தார். லிப்டின் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு உள்ளே அடித்தார். தரை, சுவர், என் சப்பாத்து, என் முகம்.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? காப்பி போட்டிருக்கேன், வாங்க."

"நேரம் போட்டுது அக்கா. வீட்டிலை தேடுவினம்."

"அஞ்சு நிமிசம் தம்பி."

"கால் உளுக்கிப் போச்சு அக்கா. அசைக்க ஏலாமக் கிடக்கு."

கால் உளுக்கியவன் வீட்டுக்குள் வந்து உட்காராமல் ஏன் லிப்டுக்குள் நிற்கிறான் என்று அக்கா கேட்கவில்லை. கதவு மூடியது. கீழே போய்ச் சட்டைப் பையிலிருந்த கைலேஞ்சியால் தரையைத் துடைத்தேன். வானில் ஏறி, ஹீட்டரை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கினேன். பின்னால் மான் இல்லை. பக்கத்திலும் ஆள் இல்லை. ஆனாலும் அறுபதில்தான் போனேன்.

அந்தக் குளிர்காலத்தின் மிச்சத்துக்கும் அடுத்த இலையுதிர் காலத்துக்கும் துப்பாக்கி அலுமாரியில் இருந்தது. அடுத்த முறைக்கு என்று கழுவிய தொட்டியை என் வானிலேயே வைக்கக் கொடுத்திருந்தீர்கள், ஆனால் நீங்கள் பிறகு காட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அக்கா பூசைக்குப் போனதும் அதை எடுத்து மேசையில் விரித்து, எண்ணெய் போட்டுத் துடைத்தீர்கள் என்று தொலைபேசியில் சொல்வீர்கள். அடுத்த ஞாயிறு போகலாமா என்று கேட்பீர்கள். போகலாம் அண்ணை என்பேன். அது ஒரு ஒழுங்காகிவிட்டது. ஒழுங்கு முறிந்த ஞாயிறு, தொலைபேசியில் உங்கள் மகன் பிரெஞ்சில் பேசினான். துப்பாக்கியைப் பிறகு அவன் சட்டப்படி ஒப்படைத்துவிட்டான்.

தொட்டியைக் காப்பாற்றியபின் அக்காவை அழைத்தேன். அது அவருடைய தொட்டி. வேண்டுமா என்று கேட்பது முறை. வான் போய்விட்டதால் கார் து நோர் ரயில் நிலையத்தில் டி தட ரயில் ஏறினேன், மடியில் தொட்டியோடு. எதிரில் இருந்த பெண் என்ன விற்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். அவளுக்கு ஏமாற்றம். சார்செலில் இறங்கி, உங்கள் லிப்டுக்குள் நுழைந்ததும் தரையைப் பார்த்தேன். வலது காலை எங்கே வைப்பது என்று ஒரு கணம் தெரியவில்லை.

வாசலில் கால் விரிப்பு தலைகீழாகக் கிடந்தது, ரப்பர்ப் பக்கம் மேலே. போன முறைகளும் அப்படித்தான் கிடந்தது. வயதானவர் தனியாக இருக்கிறார், கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். இந்த முறை குனிந்து நேராகப் போடப் போனேன்.

"அப்படியே கெடக்கட்டும் தம்பி" என்றார் அக்கா, கதவைத் திறந்தபடி.

காப்பி குடித்தோம். தொட்டி நடுவில், நிலத்தில். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, இன்றைக்குக் கால் எப்படி என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. உளுக்கிய கால் என்றார்.

நான் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தேன்.

"சப்பாத்து ஓரமா தெரிஞ்சுது தம்பி. நல்லா மிதிக்கல நீங்க."

"அக்கா, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே."

"என்னத்தச் சொல்றது. அது ஒண்ணா? இங்க, இந்த விரிப்புல ஒண்ணு விழுந்திருந்துது. நீங்க ரெண்டு பேரும் தாண்டிப் போயிட்டீங்க. நான்தான் கவுத்துப் போட்டேன்."

அவர் எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். திரும்பி வராமல், தண்ணீர் ஓடும் சத்தத்துக்குள் இருந்து மிச்சத்தைச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, பேப்பர் வாங்கப் போன நீங்கள் வாசலில் நின்றீர்களாம். குனிய முடியாத மனிதர் சுவரைப் பிடித்துக் குனிந்தீர்களாம். விரிப்பின் நுனியைத் தூக்கி அடியில் பார்த்தீர்களாம். அவர் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் விரிப்பை மறுபடி அப்படியே, தலைகீழாகவே, மூலை சரிபார்த்துப் போட்டுவிட்டு, உள்ளே வந்து பேப்பர் படித்தீர்களாம்.

"ஹீட்டர் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களாமே" என்றார் அக்கா. "அத எங்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு. யாழ்ப்பாணத்துக்காரருக்குப் பொய் வரலன்னாரு."

ஆக, மூன்று பேரும் பார்த்திருக்கிறோம், அண்ணை. கிட்டத்தட்ட ஒரு வருடம் மூன்று பேரும் ஆளுக்கொரு சொட்டை மற்ற இருவரிடமிருந்தும் மறைத்துக்கொண்டு, ஒன்றும் விழவில்லை என்று இருந்திருக்கிறோம். நான் மட்டும்தான் காப்பாற்றினேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்தப் பெருமையையும் அன்று சார்செலில் வைத்துவிட்டு வந்தேன். மிச்சம் என்னோடு இருக்கிறது. குளிர் நாட்களில் ஹீட்டரைப் போடும் முன் இப்போதும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். வட்டச் சந்திகளில் மெதுவாகப் போகிறேன். பெப்பர்மின்ட் வில்லை எனக்குப் பிடிக்காது. ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

தொட்டியை அக்கா வாங்கவில்லை. அதில் இனித் துணி ஊறப்போட மனம் வராது, நீங்களே கொண்டுபோங்க என்றார். மறுபடி டி ரயில், மறுபடி மடியில். வீட்டில் குளிர்ந்த தண்ணீரில் கழுவி வைத்தேன். வியாழக்கிழமை மின்சார வான் வந்தது. உள்ளே இடம் குறைவு, கடையின் பழைய பூப்பெட்டிகள் அகலம் கூடிப் போய் எதுவும் ஏறவில்லை. தொட்டி ஏறியது. வெள்ளிக்கிழமைக் கோயில் மாலைகள் இப்போது அதில்தான் போகின்றன.